நீண்டகால நில அளவீடுகள் அறுந்துபோகாமல் காக்கக் கோரி, ஆய்வு நிதி வழங்கும் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

நிலச் சூழல் ஆய்வுகளுக்கு நிதி வழங்கும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும், விண்ணப்பங்களை எடைபோடும் மதிப்பீட்டுக் குழுவினருக்கும்,

வணக்கம்.

காலநிலை மாற்றம் காடுகளையும் புல்வெளிகளையும் மண்ணையும் என்ன செய்கிறது, அப்படி மாறிப்போகும் நிலம் திரும்பக் காலநிலையை என்ன செய்கிறது என்ற இரட்டைக் கேள்விக்கு விடை தேடும் ஆய்வுகள் உங்கள் ஒப்புதலோடுதான் தொடங்குகின்றன; உங்கள் ஒப்புதல் நின்றால் நின்றும் போகின்றன. அந்த ஆய்வுகளில் பணியாற்றுபவர்களில் ஒருவர் என்ற முறையில், ஒரே ஒரு கோரிக்கையோடு இந்த மடலை எழுதுகிறேன். பத்தாண்டு, இருபதாண்டு, ஐம்பதாண்டு என்று நீண்டு செல்ல வேண்டிய நில அளவீடுகளை, மூன்றாண்டில் முடிந்துவிடும் திட்டங்களோடு ஒரே வரிசையில் நிறுத்திப் போட்டியிட வைக்காதீர்கள். அவற்றுக்கெனத் தனி நிதியும் தனி மதிப்பீட்டு முறையும் ஏற்படுத்துங்கள். ஆய்வாளர்கள் தங்கள் வசதிக்காகக் கேட்பதாக இது தோன்றக்கூடும் என்பதால், காரணங்களைச் சற்று விரித்தே சொல்கிறேன்.

நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதாலும் காடுகளை அழிப்பதாலும் மனிதர் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் பாதிக்கும் சற்றுக் குறைவான அளவே காற்றில் தங்குகிறது. ஏறத்தாழ கால் பங்கைக் கடல் கரைத்துக்கொள்கிறது. ஏறத்தாழ 30 சதவீதத்தைத் தாவரங்களும் மண்ணும் உள்வாங்கிக்கொள்கின்றன. கடந்த அரை நூற்றாண்டில் வெளியேற்றம் பெருகப் பெருக, நிலம் உள்வாங்கும் அளவும் கூடவே பெருகி வந்திருக்கிறது. இந்த உதவி கிடைக்காதிருந்தால் இன்று நாம் காணும் வெப்ப உயர்வு இன்னும் கடுமையாக இருந்திருக்கும். 2015ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தம், இந்த நூற்றாண்டின் பிற்பாதியில் வெளியேற்றத்துக்கும் உறிஞ்சலுக்கும் இடையே சமநிலை எட்டப்பட வேண்டும் என்று கூறுகிறது. நாடுகள் தாம் அளிக்கும் கணக்குகளில், காடுகள் உறிஞ்சும் கார்பனைக் கழித்துக் காட்டுகின்றன. வெப்ப உயர்வை ஒரு வரம்புக்குள் நிறுத்த வேண்டுமானால் இன்னும் எவ்வளவு கார்பனை வெளியேற்றலாம் என்ற மதிப்பீட்டுக்குள்ளும், நிலம் வருங்காலத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்ற அனுமானம் பொதிந்திருக்கிறது. நிலத்தின் உதவி தொடரும் என்று நம்பி உலகம் திட்டமிட்டுவிட்டது. அது உண்மையிலேயே தொடர்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டிய அளவீடுகள்தாம் நிதிக்காகக் கையேந்தி நிற்கின்றன.

அந்த உதவி எவ்வளவு மெலிந்த ஒரு வேறுபாட்டில் நிற்கிறது என்பதைப் பாருங்கள். உலகின் தாவரங்கள் ஒளிச்சேர்க்கையின் மூலம் ஆண்டுக்குச் சுமார் 12,000 கோடி டன் கார்பனைக் காற்றிலிருந்து எடுக்கின்றன. தாவரங்களின் சுவாசம், மண்ணில் நுண்ணுயிர்கள் நடத்தும் சிதைவு, தீ ஆகியவற்றின் வழியே ஏறக்குறைய அதே அளவு காற்றுக்குத் திரும்பிவிடுகிறது. நிலத்தில் தங்குவது சுமார் 300 கோடி டன் மட்டுமே. பெரும் வரவும் பெரும் செலவும் உள்ள குடும்பத்தில் மாதக் கடைசியில் மிஞ்சும் சிறு தொகையைப் போன்றது அது. வரவிலோ செலவிலோ இரண்டு மூன்று சதவீதம் நகர்ந்தாலே மிச்சம் இல்லாமல் போகும். வரவும் செலவும் ஒரே காரணத்துக்கு ஒரே விதமாக அசைவதுமில்லை. ஒளிச்சேர்க்கை காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடுக்கும், வெளிச்சத்துக்கும், வேருக்குக் கிடைக்கும் நீருக்கும் கட்டுப்படுகிறது. மண்ணின் சுவாசமோ முதன்மையாக வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் கட்டுப்படுகிறது. முன்னது இலையில் சில நிமிடங்களில் மாறும்; பின்னது மாறி முடிய நூறாண்டுகூட ஆகலாம். இப்படி வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரண்டின் வேறுபாட்டை, ஒரு சிறிய காலச் சன்னலின் வழியே பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இதற்கு என்னிடம் உள்ள மிகத் தெளிவான சான்று, அமெரிக்காவின் ஹார்வர்டு வனத்தில் நடந்துவரும் மண் சூடேற்றும் ஆய்வு. அங்கே 1991இல், காட்டுத் தரைக்கு அடியில் மின்கம்பிகளைப் புதைத்து, சுற்றியுள்ள மண்ணைவிட 5 டிகிரி செல்சியஸ் கூடுதல் வெப்பத்தில் சில பாத்திகளை வைத்திருக்கத் தொடங்கினார்கள். முதல் பத்தாண்டில் சூடேறிய மண் மிகுதியாகக் கார்பனை வெளியேற்றியது. அடுத்த சில ஆண்டுகளில் சூடேறிய பாத்திக்கும் சூடேறாத பாத்திக்கும் வேறுபாடே தெரியவில்லை. நுண்ணுயிர்கள் எளிதில் சிதைக்கக்கூடிய பொருள் தீர்ந்துவிட்டது, எனவே மண் அமைதியடைந்துவிட்டது என்று அப்போது ஒருவர் முடிவு கட்டியிருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 2008 வாக்கில் இழப்பு மீண்டும் தொடங்கியது. நுண்ணுயிர்க் கூட்டத்தின் அமைப்பு மாறி, அதுவரை எளிதில் சிதையாதிருந்த மரக்கூறுகளைச் சிதைக்க வல்லதாக அது ஆகியிருந்தது. ஆறேழு ஆண்டுகள் கழித்து மீண்டும் ஓர் அமைதி. 26 ஆண்டுகளின் முடிவுகள் 2017இல் வெளியானபோது, மேல் 60 சென்டிமீட்டர் மண்ணில் இருந்த கார்பனில் சுமார் 17 சதவீதம் போய்விட்டிருந்தது.

இந்த ஆய்வு மூன்றாண்டில் முடிந்திருந்தால், சூடேறும் மண் நிற்காமல் கார்பனைக் கக்கும் என்று எழுதியிருப்போம். அதே மூன்றாண்டு 2003இல் தொடங்கியிருந்தால், வெப்பம் மண்ணைப் பெரிதாகப் பாதிக்காது என்று எழுதியிருப்போம். இரண்டு கட்டுரைகளும் நேர்மையானவையாகவும், புள்ளியியல் முறைப்படி பிழையற்றவையாகவும் இருந்திருக்கும். இரண்டும் தவறாக இருந்திருக்கும். மதிப்பீட்டுக் குழுவில் அமரும் ஒவ்வொருவரும் இந்த ஒரு சோதனையின் வரைபடத்தை முன்னால் வைத்துக்கொண்டு விண்ணப்பங்களைப் படித்தால் போதும் என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு.

கார்பன் டை ஆக்சைடு கூடினால் தாவரங்கள் செழிக்கும் என்ற வாதத்தின் கதையும் இதுவே. இலை அளவில் அது உண்மை. காட்டின் அளவில் உண்மையா என்று அறிய, திறந்த வெளியில் நிற்கும் மரங்களைச் சுற்றி வட்டமாகக் குழாய்களை நிறுத்திக் கூடுதல் வாயுவைச் செலுத்தும் சோதனைகள் நடத்தப்பட்டன. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் வளர்க்கப்பட்ட மரங்களில், தொடக்க ஆண்டுகளில் தாவர உற்பத்தி 24 சதவீதம் அளவுக்குக் கூடியது. 2008 வாக்கில் அந்தக் கூடுதல் 9 சதவீதமாகச் சுருங்கியது. மண்ணில் நைட்ரஜன் போதவில்லை. அதே நாட்டின் டியூக் வனத்தின் பைன் மரங்களில் செழிப்பு அப்படித் தேயாமல் நீடித்தது. ஆஸ்திரேலியாவில், பாஸ்பரஸ் குறைந்த மண்ணில் நிற்கும் முதிர்ந்த யூகலிப்டஸ் காட்டில், மரங்கள் கூடுதல் கார்பனை உள்ளே இழுத்தன. ஆனால் மரம் பருக்கவில்லை, அந்தக் கார்பன் பெரும்பாலும் மண்ணின் சுவாசமாகவே வெளியேறிவிட்டது. மூன்று காடுகள், மூன்று விடைகள். உலகக் காடுகளிலேயே மிகுதியான கார்பனைத் தாங்கி நிற்கும் வெப்பமண்டல மழைக்காட்டுக்கோ இத்தகைய சோதனை மிகவும் பிந்தியே வந்தது. அமேசானில் மனாஸ் நகருக்கு அருகே அமைக்கப்பட்டுவரும் வட்டங்களிலிருந்து நம்பத்தக்க விடை கிடைக்கப் பல ஆண்டுகள் தேவைப்படும். அந்தப் பல ஆண்டுகளுக்கும் யார் பொறுப்பேற்பார்கள் என்பது உங்களிடம் நான் வைக்கும் முதற்கேள்வி.

சோதனை வைக்க முடியாத இடங்களில் நாம் செய்வது, பொறுமையாக அளப்பது. அது எப்படிப்பட்ட வேலை என்பதை விண்ணப்பப் படிவத்தில் எழுத இடம் இருப்பதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். காட்டில் நிரந்தரமாகக் குறிக்கப்பட்ட நிலத்துண்டில், ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண் பொறித்த தகடு உண்டு. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் வண்ணத்தால் ஒரு கோடு இருக்கும். முந்தைய முறை எந்த இடத்தில் நாடா சுற்றப்பட்டதோ அதே இடத்தில்தான் இம்முறையும் சுற்ற வேண்டும். மரத்தில் கொடி ஏறியிருந்தால் நாடாவைக் கொடிக்கு அடியில் நுழைக்க வேண்டும். பலகைவேர் பரந்திருந்தால் அதற்கு மேலே, தண்டு உருண்டு நிற்கும் இடம் வரை ஏணி வைத்து ஏற வேண்டும். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் பருக்கும் மரத்தில், நாடா இரண்டு விரற்கடை இறங்கிவிட்டாலே வளர்ச்சி முழுவதும் பிழைக்குள் மூழ்கிவிடும். இறந்த மரம் நின்றபடி இறந்ததா, முறிந்ததா, வேரோடு சாய்ந்ததா என்று எழுத வேண்டும். வறட்சியையும் புயலையும் பிரித்துச் சொல்வது அந்த ஒரு சொல்தான். சில ஆண்டுகள் கழித்து, பல வேளைகளில் வேறு மனிதர்கள், அதே எண்களைத் தேடி அதே காட்டுக்குள் போவார்கள்.

இந்த எளிய நாடா வேலையிலிருந்துதான், அமேசான் மழைக்காடு கார்பனை உள்வாங்கும் வேகம் 1990களோடு ஒப்பிடுகையில் 2000களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்று 2015இல் தெரியவந்தது. மரங்கள் வேகமாக வளர்ந்தன. ஆனால் விரைவிலேயே இறக்கவும் தொடங்கியிருந்தன. ஆப்பிரிக்க மழைக்காடுகள் அதைவிடச் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்தன என்பதும், அவற்றிலும் 2010ஐ ஒட்டிச் சரிவு தென்படுகிறது என்பதும் பின்னர் தெரிந்தன. விமானத்தில் பறந்து பல உயரங்களில் காற்றைக் குடுவைகளில் பிடித்து 2010 முதல் 2018 வரை நடத்திய அளவீடுகள், அமேசானின் தென்கிழக்குப் பகுதி எடுப்பதைவிட மிகுதியாகக் கார்பனை வெளியேற்றுகிறது என்று காட்டின. இந்தச் செய்திகள் உலகெங்கும் தலைப்பானபோது, அந்த நிலத்துண்டுகளைப் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக யாரும் கவனிக்காத நிலையிலும் விடாமல் அளந்து வந்தவர்களின் சம்பளம் எந்தத் தலைப்பின் கீழ் கொடுக்கப்பட்டது என்று யாரும் கேட்கவில்லை. அது பெரும்பாலும் வேறு வேறு பெயர்களில், வேறு வேறு குறுகிய திட்டங்களிலிருந்து ஒட்டுப்போட்டுச் சேர்த்த பணம் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

கோபுர அளவீடுகளின் நிலை இன்னும் நொய்ந்தது. காட்டு விதானத்துக்கு மேலே உயர்ந்து நிற்கும் கோபுரத்தில், ஒலியலைகளால் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்றும், அகச்சிவப்பு ஒளியால் கார்பன் டை ஆக்சைடையும் நீராவியையும் அளக்கும் கருவி ஒன்றும் நொடிக்குப் பத்து அல்லது இருபது முறை பதிவு செய்கின்றன. மேலே போகும் காற்றுச் சுழல்கள் எவ்வளவு கார்பனைக் கொண்டுபோகின்றன, கீழே வருபவை எவ்வளவு கொண்டுவருகின்றன என்று கூட்டிக் கழித்து, காடு மூச்சு விடுவதை அரைமணிக்கு ஒருமுறை கணக்கிடுகிறோம். கண்ணாடியில் ஒரு மழைத்துளி நின்றால் அந்த அரைமணி கெட்டது. சிலந்தி வலை பின்னினால் அந்த நாள் கெட்டது. காற்று அசையாத இரவுகளில் மண் விட்ட மூச்சு கோபுர உச்சிக்கு ஏறாமல் சரிவில் வழிந்து போய்விடும். அந்த இரவுகளை அடையாளம் கண்டு விலக்காவிட்டால், காடு உண்மையில் உறிஞ்சியதைவிட மிகுதியாக உறிஞ்சியதாகக் கணக்கு வரும். அளவு தெரிந்த வாயு நிரப்பிய உருளையைக் கொண்டு கருவியை அவ்வப்போது சரிபார்க்காவிட்டால், கருவியின் மெதுவான பிறழ்வைக் காட்டின் மாற்றம் என்று நினைத்துவிடுவோம். இவையெல்லாம் ஒரு கோபுரத்தோடு ஆண்டுக்கணக்கில் பழகிய தொழில்நுட்பப் பணியாளருக்கு மட்டுமே கைவரும் அறிவு. திட்டம் முடிந்து ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாதபோது அவர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். ஓராண்டு கழித்து நிதி வந்தால் கருவியை மீண்டும் வாங்கலாம். அவரை வாங்க முடியாது.

இடைவெளி என்றால் என்ன விலை என்பதற்கு, இந்தத் துறையின் மிகப் புகழ்பெற்ற பதிவே சான்று. சார்லஸ் டேவிட் கீலிங் 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கியபோது அது பத்து லட்சத்தில் 315 பங்கு அளவில் இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் அந்தக் கோடு ஏறி இறங்குவதில் வட அரைக்கோளத் தாவரங்களின் கோடைகால வளர்ச்சியும் குளிர்கால ஓய்வும் தெரிகின்றன. ஐம்பது ஆண்டுகளில் வடக்கு உயர் அட்சப் பகுதிகளின் மேல்வளியில் அந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ பாதியளவு பெரிதாகியிருப்பது, வடக்கு நிலங்களின் உயிரியக்கமே மாறிவிட்டதற்கான அடையாளம். அத்தகைய பதிவுக்கும் நிதி வெட்டு நேர்ந்தது. 1964இன் தொடக்கத்தில் சில மாதங்கள் அளவீடு நின்றது. அந்த வெற்றிடம் இன்றும் வரைபடத்தில் இருக்கிறது.

எதிர்பாராத நிகழ்வுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் நிலத்தின் கார்பன் கணக்கைக் கவிழ்ப்பவை பெரும்பாலும் அவையே. 2003ஆம் ஆண்டின் கோடையில் ஐரோப்பாவைத் தாக்கிய வெப்ப அலையும் வறட்சியும் அக்கண்டத்தின் தாவர உற்பத்தியைச் சுமார் 30 சதவீதம் குறைத்தன. நான்கு ஆண்டுகளில் அந்த நிலம் சேமித்த அளவு கார்பன் ஒரே ஆண்டில் காற்றுக்குத் திரும்பியது. இது நமக்குத் தெரிந்ததற்குக் காரணம், வெப்ப அலை வருமுன்பே கோபுரங்கள் அங்கே நின்றுகொண்டிருந்ததுதான். வெப்ப அலையை ஆராய்வதற்கென்று யாரும் அவற்றை எழுப்பவில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், குளிர்காலம் மிதமாகி, பைன் மரங்களைக் கொல்லும் வண்டுகளின் புழுக்கள் சாகாமல் தப்பியதால் அவ்வண்டுகள் பெருகி, கார்பனை உறிஞ்சி வந்த காடுகளை அதை வெளியேற்றும் காடுகளாக மாற்றின. அதே நாட்டில் 2023இல் மட்டும் சுமார் 1.5 கோடி ஹெக்டேர் எரிந்தது. ஆர்க்டிக்கைச் சுற்றியுள்ள உறைமண்ணில், காற்றில் இருப்பதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு கார்பன் புதைந்திருக்கிறது. அந்த மண் சில இடங்களில் மெல்ல உருகாமல், பனிக்கட்டி கரைந்து நிலமே சரிந்து, பள்ளமாகிக் குளமாகிறது. எந்த ஆண்டு, எந்தச் சரிவில் அது நிகழும் என்று எந்த விண்ணப்பத்திலும் முன்கூட்டி எழுத இயலாது. நிகழ்வு வந்தபின் அவசர நிதி வழங்குகிறீர்கள், அது நல்லதே. ஆனால் நிகழ்வுக்கு முந்தைய நிலை அளக்கப்படாத இடத்தில் அவசர நிதியால் சேதத்தைப் படம்பிடிக்க முடியுமே தவிர, மாற்றத்தை அளக்க முடியாது.

இன்று நம் முன் நிற்கும் கேள்வி ஒன்று இதன் அவசரத்தைக் காட்டும். 2023இலிருந்து 2024க்குள் காற்றின் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 3.5 பங்கு கூடியதாக உலக வானிலை அமைப்பு அறிவித்தது. நவீன அளவீடுகள் தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு பெரிய ஓராண்டு உயர்வு பதிவானதில்லை. மனித வெளியேற்றம் ஓராண்டில் அந்த அளவுக்குத் தாவிவிடவில்லை. பசிபிக் கடற்பரப்பு வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டின் வெப்பமும் வறட்சியும் தீயும் நிலத்தின் உறிஞ்சலைத் தளர்த்தின என்பது விளக்கம். எல் நினோ விலகியதும் நிலம் பழைய நிலைக்கு மீளும் ஒரு தற்காலிகத் தளர்ச்சியா இது, அல்லது நெடுநாள் சரிவின் முதற்படியா? இதற்கான விடை வரும் பத்தாண்டில், இப்போது நின்றுகொண்டிருக்கும் கோபுரங்களிலும் நிலத்துண்டுகளிலும் தொடர்ந்து சேரும் பதிவுகளிலிருந்தே வரும். அவற்றில் எத்தனை அதுவரை நிற்கும் என்பதுதான் என் கவலை.

செயற்கைக்கோள்கள் இந்த வேலையைச் செய்துவிடாதா என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். அவற்றின் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. லேண்ட்சாட் செயற்கைக்கோள் வரிசை 1972 முதல் தரையைப் பார்த்து வருவதும் ஒரு நீண்டகாலப் பதிவுதான். அதைத் தொடர்ந்து நடத்தியவர்களின் பிடிவாதத்துக்கு இந்தத் துறை கடன்பட்டிருக்கிறது. 2025 ஏப்ரலில் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ஏவிய பயோமாஸ் செயற்கைக்கோளின் ரேடார், அடர்ந்த விதானத்தை ஊடுருவித் தண்டுகளையும் பெருங்கிளைகளையும் உணரக்கூடியது. ஆனால் அந்த ரேடார் சமிக்ஞையை இத்தனை டன் மரம் என்று மாற்றிச் சொல்ல, தரையில் யாரோ நாடா சுற்றி அளந்த மரங்கள் தேவை. வேர் எவ்வளவு ஆழம் போகிறது, மண்ணில் எவ்வளவு கார்பன் எந்த வடிவில் இருக்கிறது என்பதை வானிலிருந்து காண இயலாது. நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதமே உள்ள பீட் எனப்படும் கரிச்சதுப்பு நிலங்கள், உலகக் காடுகளின் மரங்கள் அனைத்திலும் உள்ளதைவிட மிகுதியான கார்பனை வைத்திருக்கின்றன. அவற்றின் ஆழத்தைத் துரப்பணக் கோல் இறக்கியே அறிகிறோம். தரை அளவீடுகளை நிறுத்தினால், விண்ணில் செலவிட்ட பெரும்பணமும் தன் பயனில் ஒரு பகுதியை இழக்கும்.

இன்னொரு குறை, அளவீடுகள் எங்கே நிற்கின்றன என்பது. கோபுரங்கள் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நெருங்கி நிற்கின்றன. வெப்பமண்டலத்தில், குறிப்பாக ஆப்பிரிக்காவில், மிக அரிதாகவே இருக்கின்றன. உலகக் கார்பன் கணக்கில் மிகப் பெரிய ஏற்ற இறக்கம் நிகழ்வது எங்கோ, அங்கேதான் நம் கண்கள் மிகக் குறைவு. புதிய நிலையங்களை அங்கே தொடங்கும் திட்டங்களும் பெரும்பாலும் கருவியைக் கொண்டுபோய் நிறுத்துவதோடு முடிகின்றன. உதிரிபாகம், மின்சாரம், அந்தந்த நாட்டிலேயே பயிற்சி பெற்று அங்கேயே நிலையான பணியில் இருக்கும் ஆய்வாளர், இவை மூன்றுக்கும் நிதி இல்லாத கோபுரம் சில ஆண்டுகளில் துருப்பிடித்த இரும்பாகிவிடும். உள்ளூர் ஆய்வாளர்கள் தரவு சேகரிப்பவர்களாக மட்டும் நிறுத்தப்பட்டு, கேள்வியும் கட்டுரையும் வேறிடத்தில் உருவாகும் ஏற்பாட்டை மாற்றாமல் இந்தக் குறை தீராது.

கணினி மாதிரிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கார்பன் சுழற்சியையும் காலநிலையையும் இணைத்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஒரு மாதிரி, வெப்பம் கூடினால் அமேசான் காடு பட்டுப்போகக்கூடும் என்றும், நிலம் உறிஞ்சுவதை விட்டு வெளியேற்றத் தொடங்கக்கூடும் என்றும் காட்டித் துறையையே உலுக்கியது. 2006இல் பதினொரு மாதிரிகளை ஒப்பிட்டபோது, எல்லாமே வெப்பத்தால் இயற்கையின் உறிஞ்சல் குறைந்து காற்றில் கூடுதல் கார்பன் சேரும் என்றன. ஆனால் 2100க்குள் அந்தக் கூடுதல் பத்து லட்சத்தில் 20 பங்கா, 200 பங்கா என்பதில் அவை பிரிந்து நின்றன. மாதிரிகள் பின்னர் வெகுவாக மேம்பட்டன. நைட்ரஜனும், சிலவற்றில் பாஸ்பரஸும் சேர்க்கப்பட்டன. இருந்தும் நிலத்தின் நடத்தையைப் பற்றிய வேறுபாடு இன்னும் பெரிதாகவே இருக்கிறது. அதைக் குறைக்கும் வழி கூடுதல் கணிப்பொறித் திறன் மட்டுமே என்று நான் நம்பவில்லை. மாதிரி எழுதுபவரும் மண் தோண்டுபவரும் ஒரே திட்டத்தில், ஒரே கேள்வியோடு, போதுமான காலம் சேர்ந்து உட்கார வேண்டும்.

கார்பன் ஒன்றையே பார்ப்பதும் போதாது. காடு நீராவியை விட்டுத் தன் சுற்றுப்புறத்தைக் குளிர்விக்கிறது. வெப்பமண்டலத்தில் காடு அழிந்தால் அந்த இடம் கார்பன் கணக்கைத் தாண்டியும் சூடாகிறது. பனி மூடும் வடக்கிலோ, வெண்பனியின் மேல் கருநிறக் காடு எழுந்தால் அது கூடுதல் வெயிலை உள்வாங்கி, உறிஞ்சிய கார்பனால் கிடைத்த குளிர்ச்சியில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ ஈடுசெய்துவிடக்கூடும். எங்கே மரம் நடலாம், எங்கே புல்வெளியைப் புல்வெளியாகவே விடலாம் என்று அரசுகள் முடிவெடுக்கும் காலத்தில், நீரையும் வெப்பத்தையும் சேர்த்து அளக்காத திட்டத்துக்கு நீங்கள் கூடுதல் மதிப்பெண் கொடுக்கக் கூடாது.

இனி, உங்கள் படிவத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் முதலில் நிற்கும் கேள்வி, இந்த ஆய்வில் புதுமை என்ன என்பது. பெரும்பாலான ஆய்வுகளுக்கு அது சரியான கேள்வி. இருபது ஆண்டுகளாக ஒரே காட்டை ஒரே முறையில் அளந்துவரும் குழுவுக்கு அந்தக் கேள்வி ஒரு தண்டனை. அவர்களின் பணியின் மதிப்பே, இருபத்தோராம் ஆண்டிலும் எதையும் மாற்றாமல் இருப்பதில்தான் உள்ளது. நிதிக்காக அவர்கள் முறையை மாற்றுகிறார்கள், புதுக் கருவியைச் சேர்க்கிறார்கள், பழைய அளவீட்டைப் புதுத் தலைப்புக்குள் ஒளித்துவைக்கிறார்கள். இதனால் பதிவு கெடுகிறது. நேர்மையானவர்கள் சுற்றிவளைத்து எழுதக் கற்றுக்கொள்கிறார்கள். நீண்டகால அளவீட்டுக்கெனத் தனிப் படிவம் அமையுங்கள். அதில், பதிவு எவ்வளவு இடைவெளியின்றி இருக்கிறது, கருவிகள் எவ்வாறு சரிபார்க்கப்படுகின்றன, தரவு எத்தனை மாதங்களில் பொதுவில் கிடைக்கிறது, அதை வெளியார் எத்தனை பேர் பயன்படுத்தினர் என்று கேளுங்கள். நிதியைப் பத்தாண்டுக்கு உறுதி செய்து, ஐந்தாம் ஆண்டில் கடுமையாகப் பரிசீலியுங்கள். அடுத்த தவணை குறித்த முடிவை எட்டாம் ஆண்டிலேயே தெரிவித்துவிடுங்கள். தொழில்நுட்பப் பணியாளரின் ஊதியத்தைக் கருவியின் விலையைப் போலவே தவிர்க்க முடியாத செலவாக ஏற்றுக்கொள்ளுங்கள். வேறுபாடு எதுவும் காணப்படவில்லை என்று அறிக்கை தரும் ஆண்டுகளையும் விளைவு தந்த ஆண்டுகளாகவே எண்ணுங்கள். ஹார்வர்டு வனத்தின் அமைதியான ஆண்டுகள் இல்லாமல் அதன் முடிவுக்குப் பொருள் இல்லை. மண்ணையும் விதையையும் மரத்துண்டையும் பாதுகாக்கும் காப்பகங்களுக்கும் ஒதுக்கீடு தேவை. இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட்டில் 1843இல் தொடங்கிய வயல் சோதனையின் பழைய மண் மாதிரிகள் இன்றும் ஆய்வகங்களுக்குப் பயன்படுகின்றன; அவற்றைப் புட்டிகளில் அடைத்து வைத்தவர்களுக்கு இன்றைய கேள்விகள் எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

எல்லா நிலையங்களையும் என்றென்றும் நடத்த முடியாது என்ற உங்கள் கவலை நியாயமானது. பயனற்றுப்போன தொடர்களும் உண்டு. அவற்றை மூடத்தான் வேண்டும். எதை மூடுவது என்பதை, அந்த ஆண்டின் போட்டியில் யார் நன்றாக எழுதினார் என்பதை வைத்துத் தீர்மானிக்காமல், அந்த நிலையம் போனால் உலகின் எந்த வகைக் காடு, எந்த வகை மண் கண்காணிப்பின்றிப் போகும் என்பதைப் பார்த்து, பிற நிதி அமைப்புகளோடும் கலந்து தீர்மானியுங்கள். மூட முடிவெடுத்தால் இரண்டாண்டு முன்னறிவிப்புக் கொடுங்கள். அந்த இரண்டாண்டில், கடைசியாக ஒருமுறை எல்லா மரங்களையும் அளக்கவும், நிலத்துண்டின் மூலைகளில் மீண்டும் கண்டுபிடிக்கத்தக்க கல் நடவும், கள ஏடுகளையும் மண் மாதிரிகளையும் கருவிகளின் சரிபார்ப்புப் பதிவுகளையும் ஒரு காப்பகத்தில் ஒப்படைக்கவும் தேவையான நிதியை மூடும் செலவாகவே சேர்த்து வழங்குங்கள். இருபது ஆண்டுகள் கழித்து வேறொரு குழு அதே மூலைக்கல்லிலிருந்து அளவீட்டைத் தொடங்க அது போதும்.

அடுத்த நிதிச் சுற்றுக்கான அறிவிப்பை நீங்கள் வரையும்போது இந்தத் தனிப் பிரிவைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்கான வரைவைத் தயாரிப்பதிலும், விதிமுறைகளைக் களத்தின் நடைமுறையோடு ஒப்பிட்டுத் திருத்துவதிலும், என் போன்ற ஆய்வாளர்களும் களப்பணியாளர்களும் ஊதியம் கருதாமல் உங்களோடு அமர்ந்து உழைக்க ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நிலச் சூழல் ஆய்வாளர் ஒருவர்